மூன்று கோடு விழுந்த ஷாஃப்ட்

போன மாதம் தேனிப் பக்கம் ஒரு புதிய பட்டறையைச் சுற்றிப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அலாய் ஸ்டீல் சாமான்களின் மேல்தோலை அயனிகளால் அடித்துக் கெட்டிப்படுத்தும் பட்டறை. 1996 முதல் 2010 வரை நான் பார்த்த அதே வேலைதான். ஆனால் இந்த இயந்திரத்துக்குப் பெரிய திரை ஒன்று இருக்கிறது. உள்ளே எங்காவது தீப்பொறி கிளம்பினால் தானே மின்சாரத்தை வெட்டி, தானே திருப்பிக் கொடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்ற இளம் எஞ்சினியர் கேட்டார்: "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"பயந்துக்கிட்டே இருந்தோம். அதான் வழி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. ஆனால் என் முகவெட்டு அப்படி; மருத்துவரிடம் நெஞ்சுவலி என்று சொன்னபோதுகூட அவர் சிரித்தார். பட்டறையில் அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார்கள். இனி படிக்கத்தான் வேண்டும்.

நான் முதலில் ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். பழனிசெட்டிபட்டி ஓரத்தில் ஒரு ஷெட்டில் இந்த இயந்திரம் வந்து இறங்கியபோது அதைக் கூட இருந்து பொருத்தப் போனவன், அப்படியே தங்கிவிட்டேன். வெளியூரில் சில வாரம் பயிற்சி. அதில் கற்றது இரண்டு: ஒன்று, எதையும் வெறுங்கையால் தொடாதே. இரண்டு, ஏன் என்று கேட்காதே. இரண்டாவதைச் சீக்கிரமே மறந்தேன். முதலாவது இன்றும் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்கிறேன் என்று வீட்டில் புகார்.

வேலை என்னவென்றால் இதுதான். ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு எஃகுத் தொட்டி. அதற்குள் சாமான்களைத் தொங்கவிட்டு மூடி, காற்றை உறிஞ்சிவிட வேண்டும். பிறகு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் துளித்துளியாக விட வேண்டும். சாமானுக்கு மைனஸ், தொட்டிச் சுவருக்கு பிளஸ், சில நூறு வோல்ட். வாயு உடைந்து அயனிகளாகி, ஆலங்கட்டி மழை மாதிரி சாமான் மேல் விழும். அந்த அடியிலேயே அது சூடேறும். நைட்ரஜன் தோலுக்குள் இறங்கும். வெளியே எடுக்கும்போது அரம் போட்டாலும் வழுக்கும். ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், ஒவ்வொரு சாமானும் ஊதா நிற ஒளியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். ஊரில் எங்கள் பெயரே 'ஊதா லைட் கம்பெனி'. உள்ளே சினிமா ஓடுகிறது என்று நம்பியவர்களும் உண்டு.

வெளியே வருவது பார்க்க அழகாக இருக்காது. பளபளவென்று கொடுத்த சாமான் மங்கிய சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். "வெள்ளி மாதிரி குடுத்தேன், அலுமினியச் சட்டி மாதிரி குடுக்குறீக" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு அரத்தைக் கையில் கொடுத்து, தேய்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவோம்.

இதில் எதிரி அழுக்குதான். எண்ணெய், விரல் ரேகை, துணிப் பிசிறு, எது இருந்தாலும் அந்த இடத்தில் சடசடவென்று பொறி கிளம்பும். ஊதா ஒளிக்குள் வெள்ளை ஊசி மாதிரி. ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு, பொறி கூடினால் வோல்ட்டைக் குறைக்க வேண்டும், அடங்கினால் ஏற்ற வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் மூச்சு வாங்கித் தொடங்குவதற்குள் நான் பல தெய்வங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிறைவேற்ற ஆரம்பித்தால் ஓய்வூதியம் பத்தாது.

என் மேலாளர் அந்தோணி சார். உத்தமபாளையம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவர், உலோகவியல் படித்தவர். குரல் உயர்த்தியதே கிடையாது. சாதாரணமாக எங்களை "டேய்" என்பார், "வாடா போடா" என்பார். அது நல்ல நாள். "இப்படி வாங்க, உட்காருங்க" என்று மரியாதை ஏறினால் எங்கோ ஏதோ போச்சு என்று அர்த்தம். அவர் ஒருமுறை "தயவுசெய்து" என்று சொன்னதைக் கேட்ட வெல்டர் மறுநாள் லீவு போட்டார்.

சாமான்களைத் தொட்டிக்குள் தொங்கவிடுவதை யாரிடமும் விட மாட்டார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று நிழல் விழாதபடி இடைவெளி விட்டு, பந்திக்கு இலை போடுகிற நிதானத்தோடு தொங்கவிடுவார். கூடவே எங்கள் ஸ்டீலில் ஒரு சின்னத் துண்டும் தொங்கும். சாமானை அறுத்துப் பார்க்க முடியாது அல்லவா, அதனால் அந்தத் துண்டை அறுத்துக் கெட்டித்தன்மை அளந்து, அது பாஸ் என்றால் எல்லாம் பாஸ் என்று சான்றிதழ் கொடுப்போம். தொழிலில் எல்லோரும் செய்வது அது. சார் அதற்கு மேல் ஒன்று செய்வார்: புதிய வாடிக்கையாளரின் முதல் லாட்டில் ஒரு சாமானைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி, சரக்கு போன பிறகு ஓய்வாக அறுத்துப் பார்ப்பார். யோசித்தால் இந்த வரிசை தலைகீழ்தான். ஆனால் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும், அல்லது எழுதவே மனம் வந்திருக்காது.

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிந்தி. கம்பத்தில் லேத்தும் ஜீப் ஒர்க்‌ஷாப்பும் சேர்த்து நடத்திய முருகேசன் எங்களிடம் வந்தார். தினமும் காலையில் கம்பத்திலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் இறங்குவார்கள். ஏழு பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்பதை ஏறுகிறவர்களும் எண்ணுவதில்லை, போலீஸும் எண்ணுவதில்லை. அந்தப் பழைய ஜீப்புகளின் ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு ஷாஃப்ட் உண்டு. டிரைவர் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். வளைவுகளில் தேய்ந்து தேய்ந்து ஸ்டியரிங் ஆடும். முருகேசன் நல்ல அலாய் ஸ்டீலில் அதைத் தானே கடைந்து, எங்களிடம் கெட்டிப்படுத்தக் கொண்டுவந்தார்.

லாட்டை ஓட்டினோம். பொறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக இருந்தது. சார் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு அடங்கியது. சோதனைத் துண்டு அருமையாக வந்தது. சான்றிதழோடு சரக்கு போனது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் சார் அந்தக் கூடுதல் ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் வாங்க" என்றார்.

'வாங்க' என்றதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மங்கிய சாம்பல் நிறத்தின் குறுக்கே மூன்று கோடுகள். பக்கத்துப் பக்கத்தில், விரல் அகலத்தில், கொஞ்சம் வெளுப்பாக. அரத்தை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். வழுக்கவில்லை, கடித்தது. கோட்டின் ஓரத்தில் அரத்தின் நுனி பட்டதும் மேல்தோல் சின்னச் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது.

வாயு சரியில்லையா, தொங்கவிட்ட கம்பியின் நிழலா, கடையும்போது வந்ததா என்று மாறி மாறி யோசித்தோம். அப்போதுதான் முதலாளி காரை நிறுத்திவிட்டு வந்தார். கம்பத்துக்காரர், ராவுத்தர். திராட்சை வியாபாரத்திலிருந்து இந்த ஊதா லைட்டுக்கு வந்தவர். எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஷாஃப்ட்டுக்கு யாரு பட்டை போட்டு விட்டது? உங்காளுக நெத்தி மாதிரில்ல இருக்கு!"

நான் தினமும் குளித்துவிட்டு நெற்றியில் அதே மூன்று கோட்டை இழுக்கிறவன். எனக்குத் தெரியவில்லை. அந்தோணி சாருக்கும் தெரியவில்லை. சார் என் நெற்றியைப் பார்த்தார், ஷாஃப்ட்டைப் பார்த்தார், நேராகப் போய் முருகேசனுக்கு ஃபோன் போட்டார். பேச்சு வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது; அந்தக் கால ஃபோனில் கம்பத்திலிருந்து பேசினால் பாதி தொலைபேசி வழியாகவும் பாதி நேராகவும் கேட்கும்.

"ஆமா சார், பூசுனோம். எங்க வீட்டுக்காரி செல்வி அந்த ஜீப்புலதான சார் தெனமும் மலைக்குப் போறா. சும்மா எப்படி மாட்டி விட? அம்மன் கோயில்ல வச்சு, பூசாரிய விட்டு ஒவ்வொண்ணுக்கும் மூணு கோடு இழுத்துத்தான் உங்களுக்குக் கொண்டாந்தேன். நல்லாத் தொடச்சிட்டேன் சார்!"

"எதை வச்சுத் தொடச்சீங்க?"

"கைல இருந்த கிரீஸ் துணிதான்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். திருநீறு சாம்பல். சாம்பல் வழியே மின்சாரம் பாயாது. அயனி அதன் மேல் இறங்காது. கிரீஸ் துணியால் அழுத்தித் துடைத்ததில், சாணை பிடித்த நுண்ணிய கோடுகளுக்குள் சாம்பல் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் கழுவு மருந்து எண்ணெயை எடுத்தது. சாம்பலை அது சட்டை செய்யவில்லை. சோதனைத் துண்டு கோயிலுக்குப் போகவில்லை. அதனால் அது பாஸ். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பூசியதன் கீழேதான் இரும்பு கெட்டிப்படாமல் பச்சையாக இருந்தது. அந்தக் கோட்டின் ஓரத்தில் பெயரும் செதில் கண்ணாடிச் சில்லு மாதிரி. அது கிரீஸில் கலந்து பெட்டியின் பல்லுக்குள் மாட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். கம்பம்மெட்டு வளைவுகளில் மறுத்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

"எத்தனை வண்டியில மாட்டியிருக்கீங்க?"

"மூணு."

ராவுத்தர் காரிலேயே கிளம்பினோம். மேலே எல்லையில் ஒரு டீக்கடைக்கு ஃபோன் உண்டு. அடித்துப் பார்த்தோம்; மணி போய்க்கொண்டே இருந்தது. வழியெல்லாம் ராவுத்தர் காரை ஓட்டிக்கொண்டே, "இப்ப ஏறுறதுல ஆபத்தா, எறங்குறதுலயா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். சார் இரண்டாவது தடவைதான் பதில் சொன்னார்: "எறங்குறதுல."

கம்பத்தில் ஒரு ஜீப் முருகேசன் பட்டறையிலேயே நின்றது. இன்னொன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. அந்த டிரைவரிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டோம். மூன்றாவது காலையிலேயே பெண்களோடு மேலே போயிருந்தது. செல்வி போகும் வண்டி. முருகேசன் ஸ்பேனர் பையோடு காரில் ஏறினார். வளைவுக்கு வளைவு எதிரே வரும் வண்டியை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். காலியாகத் திரும்பும் ஓடைப்பட்டித் திராட்சை லாரி, மாட்டுத் தீவனம், கல்யாண கோஷ்டி. ஜீப் ஒன்று வந்தது. அது இல்லை. நாங்கள் தாண்டிப் போன எந்த வளைவின் கீழும் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எப்படியும் இந்த வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று, எல்லையில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் காத்திருந்தோம். டீக்கடைச் சேட்டன், "எந்தா, ஆக்சிடென்டோ?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். அவரும் சிரித்தார்.

தோட்டம் விடும் நேரத்துக்கு அந்த ஜீப் வந்தது. முன்னால் நாலு பேர், பின்னால் சுமை மாதிரி பெண்கள், ஏணியில் இரண்டு பேர். முருகேசன் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். டிரைவர் பாண்டி பிரேக்கை மிதித்தான்.

"ஏண்ணே, சாகணுமா?"

"எறங்குடா. எல்லாரும் எறங்குங்க. ஸ்டியரிங்கக் கழட்டணும்."

"புது ஷாஃப்ட்டுண்ணே! வெண்ணெய்யா ஓடுது!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஏலே பாண்டி, சீக்கிரம் எடுலே. வீட்டுல அடுப்புப் பத்த வைக்கணும்."

இன்னொரு குரல்: "செல்வி, ஒம்புருசன் ஒன்னையப் பாக்க மலைக்கே வந்துட்டாகடி! அம்புட்டு ஆசையா?"

ஒரே சிரிப்பு. செல்வி மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்தார். புருசன் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு?" என்றார். சார்தான் சொன்னார், சுருக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டு. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

சாலையோரத்தில் கல் வைத்துப் பெட்டியைக் கழற்றினார்கள். முருகேசனிடமிருந்து ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. ஷாஃப்ட் வெளியே வந்ததும் சார் அதில் ஒட்டியிருந்த கிரீஸை விரலில் வழித்து, தன் வெள்ளைக் கைக்குட்டையில் தடவி, வெயில் பக்கம் பிடித்தார். கறுப்புப் புள்ளிகள். ஆட்டினால் மினுக்கின. மீன் செதில் மாதிரி, ஆனால் ஊசி முனை அளவு. ஷாஃப்ட்டின் மேல் கோடுகளின் ஓரம் சொறிசொறியாக உரிந்திருந்தது.

பாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "நேத்துலருந்து வளைவுல லேசாக் கடக்குனுச்சு சார். புதுசுல்ல, செட்டாகட்டும்னு விட்டுட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. எங்களுக்கு அந்தத் தகுதி இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆபத்து கையில் வந்துவிட்டது, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். மூச்சு முழுதாக வெளியே வரவில்லை.

"அப்ப நாங்க எப்படிப் போறது?" என்று ஒரு பெண் கேட்டார்.

அதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. உலோகவியல் படித்த சார் யோசிக்கவில்லை, முதலாளி யோசிக்கவில்லை, பத்திரிகை விடாமல் படிக்கிற நானும் யோசிக்கவில்லை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பின்னால் மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, எல்லாம் நிறைந்தவை. பெண்கள் நாங்கள் சொல்லக் காத்திருக்கவில்லை. "ஏய், தள்ளி உக்காருடி", "மடியில உக்காந்துக்கிறேன்", "ஆத்தா, அந்தக் கம்பியப் பிடி" என்று அவரவர் ஏறிக்கொண்டார்கள். ராவுத்தர் தன் காரில் வயதானவர்களாகப் பார்த்து அடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெஞ்சு இடிக்க உட்கார்ந்தார். செல்விக்குக் கடைசி ஜீப்பின் பின் ஏணியில், ஒற்றைக் காலுக்கு இடம் கிடைத்தது.

நல்ல ஸ்டியரிங் உள்ள நாலு ஜீப்புகள் அன்று ஏற்றிய ஆட்களைப் பார்த்தால், கெட்ட ஸ்டியரிங் ஜீப்பே தேவலை என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.

பாண்டி வண்டிக்குக் காவலாக நின்றான். நாங்கள் மூவரும் நடந்து இறங்கினோம். அப்படியொரு நடையை நான் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. ஒருவரும் பேசவில்லை; பேசினால் கேட்காமல் போய்விடும். கீழே ஒவ்வொரு வளைவிலும் ஜீப் ஹாரன் அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இறங்கினோம். ஹாரன் கேட்டால் ஒரு வளைவு தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் முருகேசன் நின்றுவிடுவார். நாங்களும் நிற்போம். மறுபடி எங்கோ கீழே சன்னமாகக் கேட்கும்; நடப்போம். பிறகு தூரம் கூடிக் கேட்பதே நின்றுவிட்டது. அது இறங்கிவிட்டதற்கான அமைதியா, இல்லையா என்று தெரியாமல் மீதி மலையை இறங்கினோம். சார் ஷாஃப்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தார். வெறுங்கை.

அடிவாரத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. சாலையோரம் நாலு ஜீப்பும் ராவுத்தர் காரும் நின்றன. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தபடி நின்றார்கள். எங்களைக் கண்டதும் செல்வி முருகேசனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"இம்புட்டு நேரமாய்யா எறங்குறதுக்கு? யானை நடமாடுற பாதைல! இங்கன நிக்கிறவுகளுக்கு உசுரு போயி உசுரு வருது!"

முருகேசன் அழுதார். செல்வி அவரை விட்டுவிட்டு சாரிடம் வந்தார். கையிலிருந்ததை வாங்கி, ஜீப் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணும் நல்லாத் தெரியுதே. பூசாரி தெளிவாத்தான் இழுத்திருக்காக." பிறகு, "அப்ப இனிமே சாமிகிட்ட வைக்கக் கூடாதுங்கிறீகளா?"

சார் யோசித்தார். முழு நாளில் அவர் அவ்வளவு நேரம் யோசித்தது அதற்குத்தான்.

"வைங்கம்மா. எங்ககிட்ட வந்துட்டுப் போன பெறகு வைங்க."

பெண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

மற்ற இரண்டு ஜீப்புகளையும் கழற்றிப் பார்ப்பதற்காக நான் அன்று கம்பத்திலேயே தங்கினேன். புதிய ஷாஃப்ட்டுகளைக் கடைந்து, தேய்த்துக் கழுவி, தொட்டியில் ஏற்றி இறக்க எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று சார் கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடிந்ததும் டீ குடிக்க வெளியே வந்தேன். செல்வி தூக்குச்சட்டியோடு ஓடிப்போய் ஒரு ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டார்; என்னைப் பார்த்துக் கையாட்டினார். ஜீப்புகள் வரிசையாக மலைப்பக்கம் திரும்பின.

பெண்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஜீப்புகள்தான் மூன்று குறைந்திருந்தன.